கடலோசையும் கல்லோசையும்

நம்முடைய எழுத்தில் கடலுக்கு ஒரே ஒரு ஓசைதான் உண்டு. தனிமையைச் சொல்ல வேண்டுமானால் கடல் இரைகிறது. காலம் முடிவற்றது என்று சொல்ல வேண்டுமானாலும் அதே கடல் அதே விதமாக இரைகிறது. கதாபாத்திரத்துக்கு மனசு சரியில்லாத இரவில் ஒரு பாராவுக்குக் குறையாமல் இரைகிறது. இந்த இரைச்சலுக்கு முன்னால் ‘ஓயாத’ என்ற அடைமொழி தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். மனிதன் மாறுகிறான், ஊர் மாறுகிறது, கடலோசை மட்டும் மாறாமல் இருக்கிறது என்பது இதற்குப் பின்னால் உள்ள நம்பிக்கை. அதாவது, கடலோசைக்கு வரலாறு கிடையாது.

இந்த நம்பிக்கை தவறு என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரையைக் கொண்டு சொல்லிப் பார்க்கலாம். ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் கரை. அதில் நாற்பதுக்கு மேற்பட்ட மீனவ ஊர்கள். இந்தக் கரையில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மாறியவற்றுள் கடலின் ஓசையும் ஒன்று. அது தானாகவும் மாறவில்லை.

பழைய இலக்கணக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கறாரானவர்கள். நெய்தலுக்கு உரிப்பொருளாக இரங்கலைக் கொடுத்துவிட்டு அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. யாழ் விளரி, பண் செவ்வழி, பறை மீன்கோட்பறையும் நாவாய்ப் பம்பையும் என்று கருப்பொருள் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஒன்று மீன் பிடிப்போரின் பறை, மற்றது கலம் செலுத்துவோரின் பறை. கரையின் ஓசை என்பது அலையோசை மட்டுமல்ல, அது உழைப்பின் ஓசை, வியாபாரத்தின் ஓசை என்கிற பிரக்ஞை இந்தப் பட்டியலில் இருக்கிறது. நாம் நெய்தலிலிருந்து இரங்கலை மட்டும் எடுத்துக்கொண்டோம். பறைகளை விட்டுவிட்டோம்.

ஓசையை வரலாற்றுக்கான சான்றாகக் கொள்ளலாம் என்று மேற்கில் பேச ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் கனடாவைச் சேர்ந்த இசையமைப்பாளர் ஆர். மர்ரே ஷாஃபர். 1977இல் வெளிவந்த அவருடைய புத்தகம், ஓர் இடத்தின் ஓசைகளை மூன்றாகப் பிரிக்கிறது. எப்போதும் பின்னணியில் இருப்பதால் யாரும் கவனித்துக் கேட்காத அடியோசை. கவனத்தை அழைக்கிற அறிவிப்போசை. அந்த ஊருக்கே உரியது என்று மக்கள் மதிக்கிற அடையாள ஓசை. இந்தப் பாகுபாடு பயனுள்ளது. ஆனால் ஷாஃபருடைய காது அமைதியை விரும்புகிறவருடைய காது. யந்திரம் வந்தது, உலகம் கெட்டது என்பதில் அவருக்கு அதிக சந்தேகம் இல்லை. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலேன் கோர்பேன், 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கிராமங்களில் கோயில் மணியை யார் அடிப்பது, எப்போது அடிப்பது என்று நடந்த சண்டைகளைப் பற்றி 1994இல் ஒரு புத்தகம் எழுதினார். ஓசை என்பது அதிகாரம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பது அவருடைய புத்தகத்தில் தெளிவாகிறது. நமக்கு இருவருமே வேண்டும். கடலின் அடியோசை எப்படி மாறியது என்பது ஷாஃபருடைய கேள்வி. யாருடைய ஓசை யாருக்குக் கேட்க வேண்டியிருந்தது என்பது கோர்பேனுடைய கேள்வி.

2

தக்கலையிலிருந்து குளச்சல் கடல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆடி மாதத்து இரவுகளில் கடலிரைச்சல் உள்நாட்டில் வெகுதூரம் கேட்கும் என்று வயதானவர்கள் சொல்வது உண்டு. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. காற்று ஓய்ந்த இரவில் தரை குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று நிற்கும்போது ஓசை மேலே போய்விடாமல் தரையை நோக்கி வளைந்து வரும். கடல் தூரத்தில் இருந்தாலும் ஓசைக்கு அந்தத் தூரம் பெரிதல்ல. ஆனால் மனிதர்களுடைய ஓசைகளுக்கு இந்தப் பத்துக் கிலோமீட்டர் மிகப் பெரிய தூரமாக இருந்திருக்கிறது.

தக்கலையை ஒட்டியிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையில் மணிமேடை இருக்கிறது. கடிகாரம் இன்றும் ஓடுகிறது. அதன் மணியோசை மூன்று கிலோமீட்டர் வரை கேட்கும் என்பார்கள். மணி அடிக்கிற ராஜ்யம், நேரம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மார்த்தாண்டவர்மா, பிடிபட்ட டிலனாயைத் தன் படைக்கே தளபதியாக்கிக்கொண்டார். அரண்மனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறை நடந்தது. 1777இல் இறந்துபோன டிலனாய் அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார். மணியும் பீரங்கியும் அரசின் இரண்டு குரல்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனபோது அதிகாரம் போய்விட்டது, மணி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

கரைக்கு வேறு மணி இருந்தது. பிரான்சிஸ் சவேரியார் 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு ஊரைச் சுற்றிச் சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டியதைச் சொல்கிறார். அது முத்துக்குளித்துறைப் பக்கம் நடந்தது. அதே ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரைக்கு வந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரிக் கடிதம் கூறுகிறது. புத்தகம் இல்லாத, பள்ளி இல்லாத ஒரு சமூகத்துக்கு மதம் காதின் வழியாகத்தான் வந்தது. முக்குவருடைய கிறிஸ்தவம் முதலில் ஒரு ஒப்புவித்தல். அதற்குப் பின்வந்த காலங்களில் கடலுக்குப் போவது, திரும்புவது, இறப்பு, திருவிழா எல்லாம் கோயில் மணியால் அறிவிக்கப்பட்டன. அரண்மனை மணி கரைக்குக் கேட்காது. கோயில் மணி உள்நாட்டுக்குக் கேட்காது. ஒரே மாவட்டத்தில் இரண்டு நேரங்கள்.

தக்கலையிலேயே மூன்றாவது ஓசையும் உண்டு. தென்காசியில் பிறந்து இங்கே வந்து தங்கி அடங்கிய பீர் முகம்மது அப்பாவின் தர்காவில், ஆண்டு விழாவின்போது அவருடைய ஞானப்புகழ்ச்சியை இரவெல்லாம் கூடியிருந்து பாடுகிறார்கள். தமிழ்க் கவிதை அச்சில் மட்டும் வாழ்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் நாம் இதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு ஊர் ஒரு கவிஞனை முழுவதுமாக உரக்கச் சொல்கிறது. அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் இலக்கியவாதிகள் அல்ல.

3

கட்டுமரத்தில் போகிறவனுக்குக் காது ஒரு கருவி. பாயும் துடுப்பும் உள்ள காலத்தில் கடலில் மனிதன் எழுப்பும் ஓசை குறைவு. ஆகவே மற்ற ஓசைகள் அவனுக்குக் கிடைத்தன: பாறையின்மேல் நீர் திரளும் ஓசை, காற்று திசைமாறும் ஓசை, மீன் கூட்டம் மேல்நீரைக் கலைக்கும் ஓசை. மீன்கள் ஊமை என்பது கரைவாசிகள் கட்டிய கதை. கத்தாளை இனத்து மீன்கள் காற்றுப்பையைத் தசைகளால் அதிரவைத்துப் பறைபோல் ஒலியெழுப்பக் கூடியவை. கெளிறும் சப்தமிடும். மீன்கோட்பறை என்ற சொல்லை இலக்கணக்காரர் மனிதனுடைய பறைக்குத்தான் வைத்தார் என்றாலும், மீனுக்கும் ஒரு பறை உண்டு.

இந்திய-நார்வே திட்டம் 1953இல் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் ஆரம்பமாயிற்று. யந்திரப் படகும் இழுவை வலையும் இந்தத் தென்மேற்குக் கரையில் பரவியதற்கு அது தொடக்கம். குமரிக் கரையில் அதன் விளைவு 1970களில் முழு உருவம் கொண்டது. கரையோரத்தில் கட்டுமரக்காரன் விரித்திருந்த வலைகளை இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போயின; சண்டைகள் நடந்தன. 1983இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை இழுவைப் படகுகள் வரக்கூடாது என்றது. சட்டத்தில் எல்லை ஒரு எண். இருட்டில், கடலின் நடுவில், எல்லை மீறப்பட்டதைக் கட்டுமரக்காரன் எப்படி அறிவான்? எஞ்சின் சப்தத்தால். மூன்று கடல்மைல் என்பதன் அர்த்தம் அவனுக்கு அந்தச் சப்தம் கிட்டத்தில் கேட்கிறதா எட்டத்தில் கேட்கிறதா என்பதுதான். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) மணப்பாட்டில் வள்ளத்துக்கும் லாஞ்சுக்கும் நடக்கும் இந்த மோதலைத் தொட்டது. நாம் அதில் காதலைப் படித்தோம்.

பிறகு கட்டுமரக்காரனே எஞ்சினுக்கு வந்தான். இதைத் துரோகம் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. கட்டுமரத்துக்கு வேண்டிய இலேசான பெருமரங்கள் அருகிப்போயின. மீனைத் தேடிப் போகவேண்டிய தூரம் கூடிற்று. 1980களில் முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே போன்றவர்களின் முயற்சியில் பிளைவுட் படகுகள் கட்டப்பட்டன. அதே காலத்தில் வெளிப்பொருத்து எஞ்சின் கரையெங்கும் பரவியது. எஞ்சின் உழைப்பைக் குறைத்தது. காற்றில்லாத நாளில் துடுப்புப் போட்டுத் தோள் கழன்ற மனிதர்களுக்கு அந்தச் சப்தம் விடுதலையின் சப்தமாகவும் இருந்திருக்கும். ஆனால் எஞ்சின் ஓடும்போது படகில் இருக்கும் இருவர் பேசிக்கொள்ள முடியாது. சைகைதான். கடலின் மற்ற ஓசைகளும் கேளாது. தகப்பன் மகனுக்குக் கடலைக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் படகில் பேச்சு வழியாகவும் உற்றுக் கேட்பதன் வழியாகவும் நடந்தது என்றால், கற்பித்தலின் சாதனமே அடைபட்டுப்போயிற்று.

அடுத்து வந்தது எதிரொலிக் கருவி. இது விநோதமான கருவி. கீழ்நோக்கி ஓசையை அனுப்பி, அது தரையிலும் மீனிலும் பட்டுத் திரும்புவதை வைத்து ஆழத்தையும் கூட்டத்தையும் அறிகிறது. அடிப்படையில் அது ஒரு காது. ஆனால் மீனவன் அதைக் கேட்பதில்லை, திரையில் பார்க்கிறான். மலையையும் கோயில் கோபுரத்தையும் கண்ணால் இணைத்துக் கடலடிப் பாறையின் இடத்தைக் கண்டுபிடித்தவனின் அறிவு இப்போது செயற்கைக்கோள் தரும் எண்ணாகிவிட்டது. காதின் அறிவு படமாகிவிட்டது. இரண்டும் முன்னைவிடத் துல்லியமானவை. இரண்டையும் விலைக்கு வாங்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம். பழைய அறிவு தகப்பனிடமிருந்து வந்தது; இதற்குக் கடன் வாங்க வேண்டும்.

4

இனி அடியோசைக்கு வரலாம். கடலின் ஓசை என்று நாம் சொல்வது கடலின் ஓசை மட்டும் அல்ல. அது கடலும் கரையும் சேர்ந்து எழுப்புவது. அகலமான மணல் கரையில் அலை தூரத்திலேயே மடிந்து உடைந்து, மணல்மேல் ஏறி, சக்தி முழுவதையும் செலவழித்து, நீண்ட ‘ஸ்ஸ்’ என்ற ஓசையோடு உள்வாங்கும். இரண்டு அலைகளுக்கு நடுவில் ஒரு மௌனம் உண்டு. பாறாங்கற்களைக் குவித்த சுவரின்மேல் அலை இப்படி நடந்துகொள்ளாது. அது வந்து அறைகிறது. கல்லிடுக்குகளில் காற்று அடைபட்டு வெடிக்கிறது. ஓடிக் கரைய இடமில்லாத அலை திரும்பிப் போய் அடுத்த அலையோடு மோதுகிறது. நடுவிலிருந்த மௌனம் கலைந்துபோகிறது.

குமரிக் கரையின் பல ஊர்களில் இப்போது கேட்பது இந்த இரண்டாவது ஓசைதான். கடலரிப்பைத் தடுக்கக் கற்சுவர்கள் பல பத்தாண்டுகளாகவே போடப்பட்டு வந்தன. 2004 டிசம்பர் 26இன் சுனாமிக்குப் பிறகு அவை வேகமாகப் பெருகின. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களில் அன்று இறந்தவர்களை நினைக்கும்போது கல் வேண்டும் என்று கேட்டவர்களைக் குற்றம்சொல்ல முடியாது. ஆனால் கல்லின் இயல்பு வேறு. சுவரில் பட்டுத் திரும்பும் அலை சுவரின் அடியிலுள்ள மணலை அரித்துக்கொண்டு போகும். கடலுக்குள் நீட்டிப் போடும் தூண்டில் வளைவு ஒரு பக்கம் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபக்கத்து ஊரைப் பட்டினி போடும். அந்த ஊர் தனக்கும் கல் கேட்கும். இப்படியாகக் கல் ஊர் ஊராக நகர்கிறது.

மணல் போனதும் கரமடி போயிற்று. கரமடிக்கு நீண்ட அகலமான மணற்கரை வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, பின்னோக்கி நடந்து கயிற்றை இழுக்க வேண்டும். அத்தனை பேருடைய கால்களும் கைகளும் ஒரே கணத்தில் விசை கொடுக்க வேண்டுமானால் பாட்டு வேண்டும். ஒருவன் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடும் அம்பாப் பாட்டுக்கு அதுதான் காரணம். அது கலை என்று நினைத்து யாரும் பாடவில்லை. பாட்டு நின்றால் கயிறு நிற்கும். நாட்டார் வழக்காற்றியல்காரர்கள் இந்தப் பாட்டுகளின் சொற்களைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் இந்தப் பாட்டு அழிந்ததற்குக் காரணம் சினிமாப் பாட்டு என்று சொல்வது சோம்பேறித்தனம். நிற்க மணல் இல்லாத இடங்களில் பாட்டும் இல்லை.

இந்தக் கல் எங்கிருந்து வருகிறது? மாவட்டத்தின் மலையடிவாரக் குவாரிகளிலிருந்து. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் வெடிவைத்துப் பிளந்த பாறை, லாரி ஏறி, கரைக்குப் போகிறது. கேரளத்துக்கும் போகிறது. 2015இல் வேலை ஆரம்பித்து 2025இல் திறக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கும் குமரி மாவட்டத்துக் கல் போயிருக்கிறது. திருவனந்தபுரம் நெடுஞ்சாலை தக்கலையின் நடுவே போகிறது. இரவில் கடலிரைச்சலைக் கேட்ட ஊர் இப்போது கேட்பது பாரம் ஏற்றிய லாரிகளின் உறுமலை. தக்கலைக்காரன் தனக்கும் கடற்கரைக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். மலையின் வெடியோசைக்கும் கரையின் கல்லோசைக்கும் நடுவில், இரண்டையும் இணைக்கும் லாரியின் ஓசையில் அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

மணல் விஷயத்தில் இன்னொரு கதையும் உண்டு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதைத் தொடர்ந்து மணவாளக்குறிச்சியில் மணல் எடுக்கும் தொழில் தோன்றியது. 1965 முதல் அது மத்திய அரசின் இந்திய அருமணல் நிறுவனத்திடம் இருக்கிறது. கயிறு திரிக்கிறவளின் கையில் ஒட்டிய மணல் உலகச் சந்தைக்குப் போயிற்று. கரைக்கு ஆலையின் சப்தம் கிடைத்தது.

5

ஓசைக்குச் சமூகத்திலும் எல்லைகள் உண்டு என்று சொன்னேன். கரையையும் உள்நாட்டையும் இணைத்த மனிதக் குரல் ஒன்று உண்டென்றால் அது மீன்காரியின் குரல். ஓலைக் கடவத்தைத் தலையில் வைத்து, கரையிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் நடந்து, தெருவில் கூவி விற்றவர்கள் அவர்கள். கடியப்பட்டணத்தில் தங்கி ஆய்வு செய்த கல்பனா ராம், முக்குவப் பெண்களைப் பற்றிய தன் நூலை 1991இல் வெளியிட்டார். ஆண் கடலுக்கு உரியவன். கரையின் பணமும் கடனும் வியாபாரமும் பெரும்பாலும் பெண்ணின் கையில். அவள் உரக்கப் பேசுகிறவள் என்று உள்நாட்டான் முகம் சுளித்தான். அலையையும் ஏலத்தையும் மீறிப் பேசிப் பழகிய தொண்டை அது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. ‘சந்தை இரைச்சல்’, ‘மீன்கடைச் சத்தம்’ என்று நாம் வசவாகச் சொல்லும் சொற்களில் ஒரு சாதி மனோபாவம் இருக்கிறது. இன்று பல தெருக்களில் அந்தக் கூவலுக்குப் பதில் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவரின் ஹாரன் கேட்கிறது.

ஒலிபெருக்கி வந்த பிறகு ஓசையின் எல்லை உரிமையின் எல்லையாயிற்று. கோயில் மணி எட்டாத இடத்துக்குக் குழாய் எட்டும். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கி மாவட்டமெங்கும் பரவிய கலவரத்துக்கு ஒலிபெருக்கியைக் காரணமாக்குவது சிறுபிள்ளைத்தனம். நிலம், எண்ணிக்கை, சாதி, கட்சி என்று காரணங்கள் ஆழமானவை. நீதிபதி வேணுகோபால் கமிஷன் அவற்றை விசாரித்தது. ஆனால் மண்டைக்காடு என்பது உள்நாட்டார் கடலில் குளிக்க வரும் திருவிழாவின் இடம். இரண்டு நேரங்கள், இரண்டு ஓசைகள் நேருக்கு நேர் சந்திக்கும் இடம். ஒருவர் மற்றவருடைய ஓசையை நூற்றாண்டுகளாகக் கேளாமலேயே அருகில் வாழ முடிந்தது. கேட்டே ஆகவேண்டிய நிலை வந்தபோது, கேட்டுப் பழகாத காதுகளுக்கு அது சவாலாகப் பட்டது.

கரையின் குரல் உள்நாட்டுக்குக் கேட்காமல் போனதன் விலையை 2017இல் பார்த்தோம். நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்துப் படகுகள் பல, நாள்கணக்கில் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருந்தன. வானொலியின் அறிவிப்பும் கம்பியில்லாக் கருவியும் எட்டாத தூரம். அறிவிப்போசை போய்ச் சேராத இடத்தில் மனிதர்கள் இறந்தார்கள். குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. இந்த மாவட்டத்துக்கென்று நாகர்கோவிலில் 1984இலேயே உள்ளூர் வானொலி நிலையம் வைக்கப்பட்டிருந்தது என்பதையும் இங்கே நினைக்கலாம். டிசம்பர் 7ஆம் தேதி மீனவர்கள் ஆயிரக்கணக்கில் நடந்துவந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கரை உள்நாட்டுக்குள் நடந்துவந்து உரக்கப் பேசியது அன்றுதான் முதல் தடவை அல்ல. 1989 மே 1ஆம் தேதி கன்னியாகுமரியில் முடிவடைந்த மீனவர் நெடும்பயணத்தில், நீரைக் காக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது துப்பாக்கி பதில் சொல்லிற்று.

6

‘செம்மீன்’ சுந்தர ராமசாமியின் தமிழில் வந்தபோது நாம் கடலைக் கண்டுகொண்டோம் என்று நினைத்தோம். அங்கே கடல், பெண்ணின் ஒழுக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி. நீதிபதிக்கு ஒரே குரல்தான் இருக்கும். தேங்காய்ப்பட்டணத்துக்காரரான தோப்பில் முஹம்மது மீரான் 1988இல் தன் கடலோர கிராமத்தின் கதையை எழுதியபோதும், உவரியிலிருந்து ஜோ டி குருஸ் 2004இல் ‘ஆழி சூழ் உலகு’வோடு வந்தபோதும் கரைக்கு வேறு குரல்கள் உண்டு என்று தெரிந்தது. கரையில் பிறந்தவர்கள் எழுதியதால் அது தெரிந்தது என்பது தற்செயல் இல்லை.

பழைய ஓசைகள் திரும்பி வர வேண்டும் என்பது என் கோரிக்கை அல்ல. துடுப்புக்குத் திரும்பு என்று எஞ்சின் வைத்திருப்பவனிடம் சொல்ல, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நமக்கு யோக்கியதை இல்லை. என் கவலை சான்றைப் பற்றியது. மணல் எவ்வளவு அகலம் இருந்தது என்று அளந்து வைத்த ஆவணம் எல்லா ஊருக்கும் இல்லை. ஆனால் அலை எவ்வளவு தூரத்தில் உடைந்தது, இரண்டு அலைகளுக்கு நடுவில் எவ்வளவு நேரம் அமைதி இருந்தது, கரமடிப் பாட்டு எந்த வீட்டு வாசல் வரை கேட்டது என்பதைச் சொல்லக்கூடிய கிழவர்களும் கிழவிகளும் இன்னும் இருக்கிறார்கள். அது நினைவு மட்டும் அல்ல, இழந்த நிலத்தின் அளவு. கற்சுவருக்குப் பின்னால் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கல்லில் அறையும் ஓசைதான் கடலோசை. அவனுக்கு எதுவும் இழந்துபோனதாகத் தெரியாது. அவனும் ஒருநாள் கவிதை எழுதுவான். அதில் கடல் ‘ஓயாமல்’ இரையும்.

ஆகவே எழுதுகிறவர்களிடம் கேட்கக்கூடியது சிறிய விஷயம்தான். கடல் இரைந்தது என்று எழுதும்போது எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று தெரிந்து எழுத வேண்டும். அலை உடைந்தது மணலிலா, கல்லிலா என்று தெரிந்திருக்க வேண்டும். கல்லில் என்றால், அந்தக் கல் எந்த மலையுடையது என்பதும்.